ஓடி வருகிறவனுக்குப் பேரில்லை: ‘தி ரெய்டு’ படமும் அதன் விமர்சகர்களும்

அந்தப் படத்தில் ஒரு ஒலிபெருக்கி வருகிறது. சண்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற அந்த ஒலிபெருக்கியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஜகார்த்தாவின் சேரிப்பகுதியில், சுண்ணாம்பு உதிர்ந்த 15 மாடிக் கட்டிடம். அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறவன் தாமா. போதைப்பொருள் வியாபாரி, கொலைகாரன், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரன். அதாவது வாடகை வாங்குகிறவன். அவனைப் பிடிக்க 20 பேர் கொண்ட போலீஸ் படை உள்ளே நுழைகிறது. ஆறாவது மாடியில் மாட்டிக்கொள்கிறது. தாமா மைக்கை எடுக்கிறான். கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி, நிதானமாக, கிட்டத்தட்ட மரியாதையாகப் பேசுகிறான். வந்திருக்கிறவர்களை ஒழித்துக்கட்டுகிறவர்கள் இனிமேல் காலம் பூராவும் வாடகை கொடுக்காமல் இங்கே குடியிருக்கலாம் என்கிறான். அவ்வளவுதான். கதவுகள் திறக்கின்றன. கத்தியும் துப்பாக்கியுமாக ஆட்கள் ஓடி வருகிறார்கள். அதற்கப்புறம் ஓடி வந்துகொண்டே இருக்கிறார்கள், செத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எதற்காகச் சாகிறார்கள்? வாடகைக்காக. படம் இதைத் தெளிவாகவே சொல்லுகிறது. ஆனால் 2011இலிருந்து இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் படித்தவரைக்கும், இந்த இடத்தில் நின்று யோசித்த விமர்சகர் ஒருவரும் இல்லை. ‘அடியாட்கள்’ என்று எழுதுகிறார்கள், ‘ரவுடிகள்’ என்று எழுதுகிறார்கள், ‘எதிரிகளின் அலை’ என்றுகூட எழுதுகிறார்கள். குடியிருப்பவர்கள் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை.

நான் இதைப் பார்த்தது 2012இல், எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது. ஆதிதிராவிடர் மாணவர் விடுதி. ஒரே ஒரு லேப்டாப், அதைச் சுற்றிப் பதினொரு பேர். எவனோ பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். மொழி புரியாது, இங்கிலீஷ் எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்கவும் முடியாது. ஆனால் ஒருத்தன் மட்டும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பின்னால் தள்ளி, “காலடியப் பாருங்கடா, கையப் பாக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சிலம்பம் கற்றவன். நானும் சின்ன வயசில் எங்கள் ஊரில் கற்றவன்தான். எங்கள் வாத்தியார் பகலில் நாற்று பிடுங்கப் போவார், ராத்திரி களத்துமேட்டில் கம்பு சொல்லிக் கொடுப்பார். ஊர்த்தெருப் பக்கம் கம்பெடுத்துப் போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். பொங்கலுக்குக்கூட நம்ம தெருவுக்குள்ளேதான் ஆட்டம். ஆக எங்களுக்கு அந்தப் படம் முதலில் ஒரு பாடமாகத்தான் இருந்தது. உடம்பு தெரிந்தவனின் உடம்பு எப்படித் திரும்புகிறது, சுவர் ஒட்டிய சந்தில் எப்படி இடம் பண்ணிக்கொள்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. வன்முறைப் படம் பார்ப்பதே ஒரு மனநோய் என்று பேசுகிற கனவான்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

படத்தின் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எழுதி இயக்கியவர் காரெத் எவன்ஸ், வேல்ஸ் நாட்டுக்காரர். 2007 வாக்கில் பென்சாக் சிலாட் என்னும் இந்தோனேசியத் தற்காப்புக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனார். அங்கேதான் இக்கோ உவைஸைப் பார்க்கிறார். உவைஸ் அப்போது தொலைத்தொடர்புக் கம்பெனியில் டிரைவர். 2009இல் ‘மெரந்தாவ்’ என்று முதல் படம் இரண்டு பேருமாகச் செய்தார்கள். அடுத்து ‘பெரண்டால்’ என்று பெரிய தாதாக் கதை ஒன்றை எடுக்க நினைத்தார்கள், பணம் புரளவில்லை. சரி, கையிலிருப்பதை வைத்து ஒரே கட்டிடத்துக்குள் ஒரு படம் என்று ஆரம்பித்ததுதான் ‘தி ரெய்டு’. செலவு சுமார் 11 லட்சம் டாலர். சண்டைகளை அமைத்தவர்கள் உவைஸும் யாயான் ருஹியானும். குள்ளமாக, ஒல்லியாக, ‘வெறிநாய்’ என்ற பட்டப்பேரோடு வருகிறாரே, அவர்தான் ருஹியான். துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு வெறுங்கையால் ஜோ தஸ்லிமைக் கொல்லுகிற காட்சி இன்றைக்கும் பேசப்படுகிறது. துப்பாக்கி என்பது சாப்பாட்டைக் கடையில் வாங்குவது மாதிரி, கையால் செய்வதுதான் வேலை என்கிற அர்த்தத்தில் அவன் பேசுவான். அதில் ஒரு தொழிலாளியின் திமிர் இருக்கிறது. அதை ரசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. (வேல்ஸ்காரர் வந்துதான் இந்தோனேசியாவின் சண்டைக் கலையை உலகத்துக்குக் காட்டினார் என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் எழுதியதைத் தனியாகவே ஒரு கட்டுரையில் பிடித்து உலுக்கலாம். யுனெஸ்கோ சிலாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது 2019இல்தான். அதற்கு முன்னால் அது இல்லாமலா இருந்தது?)

2011 செப்டம்பரில் டொராண்டோ விழாவின் நள்ளிரவுப் பிரிவில் காட்டப்பட்டு, அந்தப் பிரிவின் பார்வையாளர் விருதை வாங்கியது. 2012 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியானபோது சோனி கம்பெனி இசையை மாற்றி, தலைப்போடு ‘மீட்பு’ என்று பொருள்படும் ஒரு சொல்லையும் ஒட்டியது. படத்தில் யாருக்கு மீட்பு கிடைக்கிறது என்பது சோனிக்குத்தான் வெளிச்சம். விமர்சகர்களில் பெரும்பாலோர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஒருவர் மட்டும் கொண்டாடவில்லை. ரோஜர் ஈபர்ட். சாதாரண ஆளில்லை, 1975இல் புலிட்சர் பரிசு வாங்கியவர், அப்பரிசை வாங்கிய முதல் சினிமா விமர்சகர். நாலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். இதில் மனிதர்களே இல்லை, பேச்சில்லை, காரணமில்லை, வீடியோ கேம் மாதிரி ஆட்கள் வருகிறார்கள் விழுகிறார்கள் என்பது அவர் வாதம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். வயசாகிவிட்டது, ரசனை செத்துவிட்டது என்று திட்டினார்கள். அவரும் விடவில்லை, திரும்பவும் எழுதி, இந்த வன்முறைக்குள்ளே ஒன்றுமில்லை என்ற தன் நிலையிலேயே நின்றார்.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது? இது நடனம் மாதிரி, இசை மாதிரி. கதை எதற்கு, பாத்திரம் எதற்கு, உடலின் இயக்கம்தான் இங்கே மொழி. ஹாலிவுட் கேமராவை ஆட்டி ஆட்டி ஏமாற்றுகிறது, இங்கே ஒவ்வோர் அடியும் கண்ணுக்குத் தெரிகிறது. இதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் இந்த இரண்டு கட்சியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் சண்டை போட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஈபர்ட், ‘இவர்கள் மனிதர்களாகத் தெரியவில்லை’ என்றார். ரசிகர்கள், ‘மனிதர்களாகத் தெரிய வேண்டியதில்லை’ என்றார்கள். யார் இவர்கள் என்ற கேள்வியை இரண்டு பேரும் கேட்கவில்லை. ஈபர்ட்டின் கேள்வி நல்ல கேள்வி, பாதியிலேயே நின்றுபோன கேள்வி. காரணமே இல்லை என்கிறார். இருக்கிறதே ஐயா, காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஒலிபெருக்கியில் சொன்னானே! வாடகை என்பது ஒரு மனிதன் கத்தி எடுத்து ஓடுவதற்குப் போதுமான காரணமாக அவருக்குப் படவில்லை. நிரந்தரமான கூரை என்பதற்கு என்ன விலை என்று தெரிந்தவனுக்கு அது காரணமாகப் படும். மாசம் பிறந்தால் வீட்டுக்காரன் கதவைத் தட்டுவானே என்று பயந்தவனுக்குப் படும். ‘எந்த ஜாதி’ என்று கேட்டுவிட்டு, வீடு காலியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு இன்னும் நன்றாகப் படும். சென்னைக்கு வந்த முதல் வருஷத்தில் நான் பார்த்த வீடுகள் பத்தொன்பது.

படத்தையும் விடமுடியாது. படத்துக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் ஒரு நிமிஷத்துக்கு மேல் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது. கட்டிடத்தில் ‘நல்ல’ குடித்தனக்காரன் ஒருத்தனை வைத்திருக்கிறார்கள், கோஃபார். சீக்காளி மனைவிக்கு மருந்து எடுத்துப் போகிறவன். கதாநாயகன் ராமாவையும் அடிபட்ட இன்னொரு போலீஸ்காரனையும் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். வெளியே இருக்கிறவன் சுவரில் கத்தியைச் செருகுகிறான், அது ராமாவின் கன்னத்தைக் கிழிக்கிறது, ரத்தம் தெரியாமலிருக்க வெளியே இழுபடும் கத்தியை ராமா கையாலேயே துடைத்துவிடுகிறான். உயிரைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கிற காட்சி. ஆனால் அதன் அரசியல் என்ன? போலீஸை ஒளித்து வைப்பவனுக்கு மட்டும் பேர் உண்டு, மனைவி உண்டு, நோய் உண்டு, பயம் உண்டு. மற்ற கதவுகளுக்குப் பின்னால் சீக்காளிகள் இல்லையா? அங்கே எவனுக்கும் பெண்டாட்டி கிடையாதா? ‘நல்ல ஏழை’ என்பவன் எப்போதும் ஒரே ஆள்தான். மிச்சப்பேர் கூட்டம்.

இன்னொன்று. ஒரு பொடியன் காவலுக்கு நிற்கிறான். போலீஸைப் பார்த்ததும் சத்தம் கொடுக்கிறான். அதிகாரி வாஹ்யு அவனைச் சுட்டுவிடுகிறான். கதையில் வாஹ்யு கெட்ட போலீஸ், ராமா நல்ல போலீஸ். ஆக குழந்தையைச் சுட்டது வாஹ்யுவின் தனிப்பட்ட கெட்ட குணமாக மாறிவிடுகிறது. படை நுழைந்ததே அப்படித்தான் என்ற விஷயம் அடிபட்டுப் போகிறது. இந்தத் தந்திரம் நமக்குப் புதுசா? நம்மூர் போலீஸ் படங்கள் எல்லாவற்றிலும் இதே கணக்குத்தானே.

இந்தோனேசியாவில் இது வெறும் கதைத் தந்திரம் இல்லை என்பதற்கு வருகிறேன். அங்கே ரவுடிக்குப் ‘பிரேமான்’ என்று பேர். டச்சுக்காரன் மொழியில் ‘சுதந்திர மனிதன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. யாருக்கும் கட்டுப்படாதவன். தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? அடியாள். அடிக்கிற ஆள் என்று இன்றைக்குப் பொருள் கொள்கிறோம், ஆனால் பழைய தமிழில் அடி என்பது காலடி, அடியாள் என்பது இன்னொருவர் காலடியில் கிடக்கிற ஆள், அடிமை. ஒரே தொழிலுக்கு அங்கே ‘சுதந்திரன்’, இங்கே ‘அடிமை’. எது உண்மை என்று நடந்ததை வைத்துப் பார்க்கலாம்.

1965-66இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் பேர்வரை கொன்றார்கள். ராணுவம் முன்னின்றது. பல இடங்களில் கையால் கொல்லுகிற வேலையைப் பிரேமான்களிடம் ஒப்படைத்தது. ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ ஆவணப்படம் இதைத்தான் காட்டுகிறது. அது வந்ததும் 2012இல்தான், ரெய்டு உலகமெங்கும் ஓடிய அதே வருஷம். மேடான் நகரத்தின் அன்வர் கோங்கோ சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவன். இடதுசாரிகள் அமெரிக்கப் படங்களைத் தடுக்கப் பார்த்தார்கள், அவன் பிழைப்பில் மண் விழுந்தது. கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் இருந்த அலுவலகத்தில் வைத்து ஆட்களைக் கொன்றான். அமெரிக்க தாதா படங்களில் பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு, ரத்தம் சிந்தாமல் கம்பியால் கழுத்தை இறுக்கினான். கேமராவுக்கு முன்னால் அவனே செய்து காட்டுகிறான். ‘வன்முறைப் படம் பார்த்தால் கெட்டுப்போவார்கள்’ என்று பேசுகிறவர்கள் இதை உதாரணமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும். அவசரப்பட வேண்டாம். படம் அவனுக்குக் கொடுத்தது பாவனையை. கொல்லச் சொன்னதும், கொன்றபின் காப்பாற்றியதும் அரசு.

அப்படிப்பட்ட ‘சுதந்திர மனிதர்களை’ அதே சுகார்த்தோ அரசு என்ன செய்தது? 1983 தொடங்கி இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்று தெருவில் போட்டது. ‘மர்மத் துப்பாக்கிச்சூடு’ என்ற சொற்களைச் சுருக்கி ‘பெட்ருஸ்’ என்று அங்கே சொல்கிறார்கள். பச்சை குத்தியிருந்தால் ரவுடி. அதனால் பலர் தோலைச் சுட்டுப் பச்சையை அழித்துக்கொண்டார்கள். மக்களுக்கு ஓர் அதிர்ச்சி வைத்தியம் என்ற பொருளில் 1989இல் தன் சுயசரிதையில் சுகார்த்தோவே இதை நியாயப்படுத்தினார். 2023 ஜனவரியில்தான் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ, 1965-66ஐயும் இந்தக் கொலைகளையும் சேர்த்து 12 சம்பவங்களைக் கடுமையான மனித உரிமை மீறல்கள் என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.

இந்த நாட்டில், ஒரு போலீஸ் படை ஏழைகளின் கட்டிடத்துக்குள் நுழைந்து ‘சுத்தம்’ செய்கிறது என்று படமெடுத்தால், அதில் சாகிறவனுக்குப் பேரில்லை என்பது பாணியா? அழகியலா? அங்கே ஒரு தலைமுறை முழுக்கப் பேரில்லாமல்தான் செத்திருக்கிறது. ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ முடியும்போது ஓடுகிற பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். வேலை செய்த இந்தோனேசியர்கள் பலருக்குப் பேருக்குப் பதிலாக ‘பெயரிலி’, ‘பெயரிலி’ என்று வந்துகொண்டே இருக்கும். கொலைகாரன் முகத்தைக் காட்டிச் சிரித்துப் பேசுகிறான், படம்பிடித்தவன் பேரைச் சொல்லப் பயப்படுகிறான். இரண்டு படங்களையும் ஒரே வருஷத்தில் பார்த்த விமர்சகர்கள் ஒன்றைக் கலைச்சாதனைப் பட்டியலிலும் இன்னொன்றைச் சண்டைப்படப் பட்டியலிலும் போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

2014இல் இரண்டாம் பாகம் வந்தது. முன்னே பணம் கிடைக்காமல் நின்ற ‘பெரண்டால்’ கதைதான். இரண்டரை மணி நேரம், சிறைச்சாலைச் சேற்றுச் சண்டை, சுத்தியல்காரி, பேஸ்பால் மட்டைக்காரன் என்று எல்லாம் உண்டு. வன்முறை அதிகம் என்று மலேசியாவில் தடை செய்தார்கள். எனக்கு அதில் முக்கியமான ஆள் பிரகோசோ. அதே யாயான் ருஹியான், இந்தத் தடவை வேறு பாத்திரம். முதலாளி பங்குனுக்காக வருஷக்கணக்காகக் கொலை செய்கிறவன். பரட்டைத் தலை, அழுக்குத் துணி, பிச்சைக்காரன் மாதிரி வாழ்க்கை. பிரிந்துபோன மனைவியைப் பார்த்துப் பிள்ளைக்குப் பணம் கொடுக்கிறான், அவள் முகம் சுளிக்கிறாள். முதலாளியின் மகன் உச்சோவுக்கு ஒரு சண்டை மூள வேண்டும், அதற்கு ஒரு பிணம் வேண்டும். விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு பிரகோசோவைப் பிணமாக்குகிறார்கள். பழியை எதிர்க்கட்சித் தலையில் போடுகிறார்கள். சந்தில் விழுந்து கிடக்கிறான், சுற்றிலும் பனி. ஜகார்த்தாவில் ஏது பனி என்று விமர்சகர்களும் ரசிகர்களும் மாய்ந்து மாய்ந்து விவாதித்தார்கள். பனியைப் பார்த்தார்கள். கிடந்தவனைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த ஆளைத் தெரியும். அவன் ஜகார்த்தாவில் இல்லை. எங்கள் வாத்தியாரிடம் எனக்கு முன்னே கம்பு பழகிய அண்ணன் ஒருத்தர். எனக்கு முதல் காலடி போட்டுக் காட்டியது அவர்தான். மணல் எடுக்கிற ஒரு பெரிய கை அவரைக் கூட வைத்துக்கொண்டது. வேற ஜாதி, பெரிய ஜாதி. வீட்டுக்குள்ளே விடமாட்டார், வண்டியிலே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக் கொடுத்தார். அண்ணனுடைய அம்மா அந்தக் கூரையைப் பற்றித் தெருவெல்லாம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தது. மூணாவது வருஷம் இரண்டு மணல்காரர்களுக்கு நடுவில் ஏதோ தகராறு. அண்ணனை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிறகு அந்தப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள். மறுநாள் பேப்பரில் மூணு வரி, ‘பிரபல ரவுடி வெட்டிக் கொலை’ என்று தலைப்பு, ‘என்கிற’ போட்டு ஒரு பட்டப்பேர். அப்படி ஒரு பட்டப்பேர் அவருக்கு இருந்ததே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வாத்தியார் அதற்கப்புறம் களத்துமேட்டுக்கு வரவில்லை.

நான் இதைச் சொல்லுவது படத்தை ஒதுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. கையை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கும்பிடு என்று நமக்குப் புத்தி சொன்னவர்கள் ஏராளம். சிலாட்காரனின் கை எனக்குப் பிடித்த கை. அந்தக் கையை எவன் வாடகைக்கு எடுக்கிறான் என்று கேட்காத விமர்சனம் எனக்கு வேண்டாம். ‘வன்முறை ஆபாசம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும், ‘வன்முறை அழகு’ என்று கண்ணை மூடி ரசிப்பதும் செத்தவனைப் பொறுத்தவரை ஒன்றுதான். இரண்டிலும் அவன் தரையின் ஒரு பகுதி. இதே காலத்தில், 2012இலேயே, ‘ட்ரெட்’ என்று இன்னொரு படம் வந்தது, அதிலும் பெரிய கட்டிடம், அதிலும் மேலே உட்கார்ந்த தாதா, அதிலும் நுழைகிற போலீஸ். இரண்டில் எது எதைப் பார்த்துக் காப்பியடித்தது என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்தார்கள். அடுக்குமாடியில் ஏழைகளை அடுக்கிவைத்து, மேலே ஒரு ரவுடியையும் கீழே ஒரு போலீஸையும் நிறுத்துகிற இந்தக் கற்பனை இரண்டு கண்டங்களில் ஒரே நேரத்தில் ஏன் வந்தது என்று கேட்டிருக்கலாம். நகரத்துக்கு வெளியே, கூவம் கரையிலிருந்து பெயர்த்தெடுத்து அடுக்கப்பட்ட நம் சனங்களின் குடியிருப்புகளைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி தானாக வரும்.

அன்றைக்கு விடுதியில் படம் முடிந்தது. ராமா அடிபட்ட உடம்போடு வெளியே நடக்கிறான். தாமா செத்துவிட்டான். ராமாவின் உடன்பிறந்தவன், தாமாவிடமே வேலை பார்த்தவன், கூட வர மறுத்துவிட்டுத் திரும்பிக் கட்டிடத்துக்குள்ளேயே போய்விடுகிறான். எல்லாரும் சண்டையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். காலடியைப் பார்க்கச் சொன்னானே, அவன் மட்டும் லேப்டாப்பை மூடாமல் கேட்டான்:

“அப்ப அந்த பில்டிங்ல இனிமே வாடகைய யாருடா வாங்குவா? இவனா?”

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இரண்டாம் பாகம் வந்தபோது அதைத்தான் முதலில் தேடினேன். உள்ளே போனவன் ஆரம்பக் காட்சியிலேயே கரும்புக்காட்டில் கொல்லப்படுகிறான். அந்தக் கட்டிடத்துக்குள் கேமரா மறுபடி போகவேயில்லை.